ஆபத்துக் கர்ப்பம் என்று அட்டையில் எழுதிவிட்டால்: மலையகக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளினிக்கில் டாக்டர் உங்கள் கர்ப்ப அட்டையில் எதையோ எழுதி, "நீங்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டவேண்டும்" என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். உங்களை அடிக்கடி பார்க்கவேண்டும், மகப்பேற்று நிபுணரும் இரத்த வங்கியும் சத்திரசிகிச்சைக்கூடமும் உள்ள இடத்தில் குழந்தை பிறக்கவேண்டும் என்பதுதான் அதன் பொருள். இப்படிக் குறிக்கப்பட்ட தாய்மாரில் பெரும்பாலானோர் நல்லபடியாகப் பெற்று வீடு திரும்புகிறார்கள்.

மலையகத்தில் நமக்குள்ள கூடுதல் கஷ்டம் தூரம். லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து) தார்ப் பாதைக்கு இறங்கவே சில தோட்டங்களில் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அதனால் மற்ற ஊர்களில் செய்வதை இங்கே ஒரு படி முந்திச் செய்யவேண்டும்.

1. நாள் தள்ளிப்போனதும் பதியுங்கள்

எட்டு வாரம் முடிவதற்குள் உங்கள் பிரிவு மருத்துவமாதுவிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் எந்த நாளில் தோட்டத்துக்கு வருவார் என்று தெரியாவிட்டால் தோட்ட டிஸ்பென்சரியிலோ, வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவிலோ கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு நேரே போயும் பதியலாம்.

கண்ணூறு பட்டுவிடும், மூன்று மாதம் முடியட்டும் என்று மறைப்பது நம்மிடையே சாதாரணம். ஊருக்குச் சொல்லாமல் இருங்கள், ஆனால் மருத்துவமாதுவிடம் மறைக்காதீர்கள். குழந்தையின் முள்ளந்தண்டு உருவாவது முதல் வாரங்களில். போலிக் அமில மாத்திரை வேலை செய்வதும் அப்போதுதான். பிரஷர் வரக்கூடியவர்களுக்குக் கொடுக்கும் சிறிய அளவு அஸ்பிரினை 12ஆம் வாரம் தொட்டு, 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் முழுப்பலன். நான்காம் மாத முடிவில் பதிந்தால் இரண்டுமே கைநழுவிவிடும். அஸ்பிரினை டாக்டர் எழுதினால் மட்டும் குடியுங்கள்.

முதல் நாள் கொண்டுபோக வேண்டியவை:

- தேசிய அடையாள அட்டை
- கடைசி மாதவிடாயின் முதல் நாள், திகதியாக எழுதியது. "தீபாவளிக்கு அடுத்த வாரம்" என்று மட்டும் நினைவிருந்தால் அதையும் சொல்லுங்கள், கலண்டரைப் பார்த்துக் கணக்கிடலாம்
- முந்திய பிரசவங்களின் கர்ப்ப அட்டைகள், வைத்தியசாலையிலிருந்து வரும்போது தந்த நோய் நிர்ணய அட்டை
- இப்போது குடிக்கும் மாத்திரைகள், அவற்றின் உறையோடு

விவாகப் பதிவுச் சான்றிதழ் இல்லை என்பதற்காகப் பின்வாங்க வேண்டாம். திருமணம் பதியாதவருக்கும், திருமணமே ஆகாதவருக்கும் பராமரிப்பு உண்டு. கொழும்பில் வேலை செய்யும்போது அங்கே பதிந்த அட்டை இங்கேயும் செல்லும். தோட்டத்துக்குத் திரும்பிய வாரமே இங்குள்ள மருத்துவமாதுவிடம் காட்டுங்கள்.

வலிப்பு, தைரொயிட், இருதய நோய், ஆஸ்துமா ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும் பயத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இது பெரிய ஆபத்து. சில வலிப்பு மாத்திரைகளையும், இருதய வால்வு மாற்றியவர்கள் எடுக்கும் வார்ஃபரினையும் மாற்றவேண்டி வரும்தான். அதைச் செய்ய வேண்டியவர் டாக்டர். அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

2. யார் யாருக்கு இது பொருந்தும்

20 வயதுக்குக் குறைந்தவர், 35 தாண்டியவர், மிகவும் உயரம் குறைந்தவர், எடை மிகக் குறைந்தவர் அல்லது மிகக் கூடியவர், இரட்டைக் குழந்தை சுமப்பவர், நான்கைந்து பிள்ளை பெற்றவர். முன்பு சிசேரியன், கருச்சிதைவுகள், வயிற்றிலேயே குழந்தை இறந்தது, குறைமாதப் பிரசவம், பிரசவத்தின் பின் அதிக இரத்தப்போக்கு என்று ஏதாவது நடந்தவர். பிரஷர், சீனி வருத்தம், இருதய நோய், சிறுநீரக நோய், வலிப்பு, கடுமையான இரத்தச்சோகை உள்ளவர். இரத்த வகை நெகட்டிவ் ஆனவர்.

இவற்றில் நம்மவர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு. ஒன்று, கலைந்துபோன கர்ப்பங்கள். மற்றது, சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து மாதாமாதம் ஊசி போட்ட கதை. அந்த ருமாட்டிக் காய்ச்சல் இருதய வால்வைப் பழுதாக்கியிருக்கலாம். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு கூடும்போது மூச்சு முட்டும். மலை ஏறினால் மூச்சு வாங்குவது இயல்புதானே என்று விட்டுவிடுவதால் இங்கே இது தாமதமாகவே பிடிபடுகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரவில் எழுந்து உட்காரவேண்டியிருக்கிறது என்றால் அது ஏற்றத்தால் வருவதில்லை. உடனே காட்டுங்கள்.

மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் திருமணம் செய்தவர்களும், குடும்பத்தில் தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்த நோய்) உள்ளவர்களும் அதையும் சொல்லவேண்டும்.

3. எந்த வாரத்தில் எந்தப் பரிசோதனை

முதல் வருகையில் இரத்த வகை, ஹீமோகுளோபின், சீனி, சிபிலிஸ், எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கு இரத்தம் எடுப்பார்கள். சிறுநீர், எடை, உயரம், பிரஷர் பார்ப்பார்கள். டாக்டர் இருதயத்தைக் கேட்டுப் பார்க்கவேண்டும், பார்க்காவிட்டால் கேளுங்கள்.

11 முதல் 14 வாரத்துக்குள் முதல் ஸ்கேன். திகதியைச் சரியாகச் சொல்வது இந்த ஸ்கேன்தான். ஏழாம் மாதத்தில் எடுக்கும் ஸ்கேனை வைத்துத் திகதி கணித்தால் இரண்டு மூன்று வாரம்கூடப் பிழைக்கும். குழந்தை வளரவில்லையா, இல்லை நாள்தான் பிழையா என்று பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

18 முதல் 22 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன். முன்பு சிசேரியன் செய்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கவேண்டும்: "நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது?" பழைய தழும்பின் மேலே, கருப்பை வாயருகே அது ஒட்டியிருந்தால் பிரசவத்தில் பெரும் இரத்தப்போக்கு ஏற்படும். முன்னரே தெரிந்தால் இரத்தமும் நிபுணர்களும் தயாராக உள்ள வைத்தியசாலையில் திகதி குறிக்கலாம்.

24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சீனிப் பரிசோதனை. மலையகத் தாய்மாருக்கு அதிகம் பிழைத்துப்போகும் பரிசோதனை இதுதான். முதல் நாள் இரவு சாப்பிட்ட பின் 8 முதல் 10 மணித்தியாலம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. காலையில் ஒரு வாய் சாயத்தண்ணி, வாயில் ஒரு வெற்றிலை என்றாலும் கணக்குப் பிழைக்கும். வெறும் வயிற்றில் ஒரு தடவை இரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர். அதன்பின் ஒரு மணி, இரண்டு மணி கழித்து மீண்டும் எடுப்பார்கள். அந்த நேரத்தில் கடைக்குப் போய் வரக்கூடாது, உட்கார்ந்தே இருங்கள். வாந்தி எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள், வேறொரு நாள் செய்யவேண்டும். பரவலாகப் பின்பற்றப்படும் எல்லைகள் வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153. ஒன்று தாண்டினாலும் கர்ப்பகாலச் சீனி வருத்தம் என்றே எடுப்பார்கள். முடிந்ததும் சாப்பிடக் கையோடு உணவு கொண்டுபோங்கள். வெறும் வயிற்றோடு பஸ் வளைவுகளில் வந்தால் மயக்கம் வரும். துணைக்கு ஒருவர் வரட்டும்.

28 வாரமளவில் ஹீமோகுளோபின் மறுபடியும் பார்க்கப்படும். பிரஷர், சீனி, இரட்டைக் குழந்தை உள்ளவர்களுக்கு அதன்பின் குழந்தையின் வளர்ச்சி ஸ்கேன் சில வாரங்களுக்கு ஒருமுறை நடக்கும்.

ஒவ்வொரு முடிவும் அட்டையில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டே எழும்புங்கள். இரத்தம் கொடுத்துவிட்டு முடிவைக் கேட்காமல் போனால், கொடுக்காததற்குச் சமம்.

4. இரத்தச்சோகையும் இரும்புச்சத்து மாத்திரையும்

ஹீமோகுளோபின் 11க்குக் குறைந்தால் இரத்தச்சோகை, 7க்குக் குறைந்தால் கடுமையானது. உயரமான இடங்களில் வாழ்வோருக்கு இயல்பாகவே இது சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும். ஆகவே ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் "11 இருக்கிறது, போதும்" என்று நிம்மதியடைய முடியாது.

மாத்திரையை வாங்கிக் கூரை இடுக்கில் செருகி வைப்பவர்கள் பலர். வயிறு பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்பார்கள். கறுப்பாகப் போவது அந்த மாத்திரையின் இயல்பு. வயிறு பிரட்டினால் இரவு படுக்கும்முன் எடுங்கள். அப்போதும் முடியாவிட்டால் வேறு வகை கேளுங்கள். விற்றமின் சி மாத்திரையோடு சேர்த்து எடுங்கள். இல்லாவிட்டால் தேசிக்காய்த் தண்ணியோ கொய்யாப்பழமோ போதும். கல்சியம் மாத்திரையை அதே நேரத்தில் எடுக்கக்கூடாது; அதைப் பகல் சாப்பாட்டோடு எடுங்கள்.

தேயிலைதான் இங்கே பெரிய எதிரி. சாயமும் பால் தேத்தண்ணியும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பும் பின்பும் குறைந்தது ஒரு மணித்தியாலம் தேத்தண்ணியைத் தள்ளி வையுங்கள். ரொட்டிக்குச் சாயத்தண்ணி இல்லாமல் முடியாது என்றால் அந்த வேளை வெந்நீர் குடியுங்கள். ரொட்டியும் சம்பலும் மட்டுமே இரத்தத்தைக் கூட்டாது. நெத்தலி, முட்டை, பருப்பு, கீரை ஏதாவது ஒன்று தினமும் சேரட்டும். புகையிலை சேர்த்த வெற்றிலை குழந்தையின் எடையைக் குறைக்கும், அதை விட்டுவிடுங்கள்.

மூன்று மாதம் கடந்த பின் பூச்சி மாத்திரை ஒரு தடவை தருவார்கள். அதையும் குடியுங்கள், வெறுங்காலோடு மலைக்குப் போகாதீர்கள். கொழுக்கிப்புழு பாதம் வழியே ஏறி இரத்தத்தைக் குடிக்கும். ஒரு மாதம் ஒழுங்காக மாத்திரை எடுத்தும் அளவு ஏறாவிட்டால், தலசீமியா போன்ற வேறு காரணம் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

5. நிபுணர் கிளினிக்குக்குப் போவது

மகப்பேற்று நிபுணரை வைத்தியசாலைகளில் எல்லோரும் வி.ஓ.ஜி. என்றே சொல்வார்கள். ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கத்தவர்களுக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை அல்லது நாவலப்பிட்டி; தலவாக்கலை, லிந்துலை, ராகலைப் பக்கத்தவர்களுக்கு நுவரெலியா; ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்தவர்களுக்கு தியத்தலாவை அல்லது பதுளை. இருதய நோய் போன்ற சிக்கல்களுக்கு அங்கிருந்து கண்டி, பேராதனைக்கு அனுப்புவார்கள். எங்கே போவது என்பதை வீட்டில் தீர்மானிக்காமல், அட்டையில் எழுதிய இடத்துக்கே போங்கள்.

அனுப்பும் கடிதத்தை வாங்காமல் கிளினிக்கை விட்டு இறங்காதீர்கள். நிபுணரின் கிளினிக் நாள், நம்பர் கொடுக்கும் நேரம் இரண்டையும் மருத்துவமாதுவிடம் கேளுங்கள். தூரத்தவர்கள் முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். போயா, பொங்கல், சித்திரை நாட்களில் கிளினிக் விழுந்தால் அடுத்த நாள் எது என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பண்டிகைக்குப் பிறகு பார்ப்போம் என்று ஒரு மாதம் நழுவிவிடும்.

அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்கும், தங்குவதற்கும், பிரசவத்துக்கும், சிசேரியனுக்கும் காசு இல்லை. செலவு வேறு வழியில் வரும்: பஸ், ஆட்டோ, துணைக்கு வருபவரின் சாப்பாடு, இழக்கும் ஒரு நாள் பேர் (நாட்கூலி). சில பரிசோதனைகளையும் ஸ்கேனையும் வெளியே செய்துவரச் சொன்னால், "இது இங்கேயே செய்ய முடியாதா, எத்தனை நாள் பிந்தும்?" என்று கேளுங்கள். ஒரு வாரம் பிந்தினால் பாதகமில்லாதது எது, பிந்தவே கூடாதது எது என்று டாக்டரே சொல்வார். காசு மட்டாக இருந்தால், மேலே சொன்ன முதல் இரண்டு ஸ்கேனுக்கும் அதை ஒதுக்குங்கள். முகம் பார்க்கும் படத்துக்குச் செலவழிப்பது அவசியமில்லை.

கிளினிக் நாளுக்கு விடுமுறை தரத் தயங்கினால் அட்டையில் உள்ள திகதியைக் கணக்கப்பிள்ளையிடம் காட்டுங்கள். பாரம் சுமப்பது, வழுக்குமலையில் ஏறுவது கூடாது என்று டாக்டர் சொன்னால் அதைக் கடிதமாக வாங்கி நிர்வாகத்துக்குக் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

6. இவற்றைக் கண்டால் காலை வரை காத்திருக்காதீர்கள்

- சிறிதளவானாலும் இரத்தம் போதல்
- விடாத தலைவலி, கண் மங்கல், கண்முன் பூச்சி பறப்பது போலிருத்தல், நெஞ்சுக்குழியில் அல்லது வலப்பக்க விலாவின் கீழ் வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல்
- வலிப்பு
- தண்ணீர் உடைதல், நோவு வராவிட்டாலும்
- நாள் வருமுன் விட்டு விட்டு வரும் வயிற்று நோவு
- காய்ச்சல், மூச்சு முட்டல்
- குழந்தையின் அசைவு குறைதல்

பிரஷர் 140/90 என்றாலே கவனம் வேண்டும். 160/110 என்றால் அன்றே வைத்தியசாலை. தலைவலிக்குத் தைலம் தேய்த்துப் படுத்துவிடுவதால் இது வலிப்பில் போய் முடிகிறது.

28 வாரத்துக்குப் பின் அசைவை எண்ணுங்கள். காலை 9 மணிக்குத் தொடங்கி, பத்து அசைவு வந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். மாலை வரை பத்து வராவிட்டாலோ, வழக்கத்தைவிட நன்றாகக் குறைந்தாலோ போய்க் காட்டுங்கள். அன்று எண்ணி முடிக்கவேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

34 வாரத்துக்கு முன் நோவு கண்டால் நேரத்தின் மதிப்பு இன்னும் கூடும். குழந்தையின் நுரையீரலைப் பலப்படுத்த ஊசி போடுவார்கள். அது முழுதாக வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும்.

அவசரத்தில் முதலில் எதிர்ப்படுபவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் எல்லோருக்கும் மூன்று சிங்கள வாக்கியங்களைச் சொல்லிக்கொடுங்கள்: "லே யனவா" (இரத்தம் போகிறது), "வதுர யனவா" (தண்ணீர் போகிறது), "பபா ஹெல்லென்னே நே" (குழந்தை அசையவில்லை).

7. வாகனத்தை ஏழாம் மாதத்திலேயே பேசிவையுங்கள்

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயரோடு டிவிசன், பக்கத்துக் கோயில், பாடசாலை அல்லது தேயிலைத் தொழிற்சாலை, அருகிலுள்ள சந்தி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இஸ்தோப்புச் (முன் திண்ணை) சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் பேசுபவர் அதைப் பார்த்து வாசித்தால் போதும். லயம் வரை வண்டி வராதென்றால் எந்த இடத்துக்கு வரும், அதுவரை யார் யார் தூக்குவது என்று இப்போதே பேசுங்கள். தொலைபேசிக்கு எங்கே நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியவேண்டும்.

இரண்டாவது வழியும் வேண்டும்: தோட்ட வண்டி, பக்கத்து ஆட்டோக்காரர் இருவரின் இலக்கங்கள், இரவு வாடகைக்குக் கையில் காசு.

எந்த வைத்தியசாலை? நோவு கண்டால், அட்டையில் எழுதிய பெரிய வைத்தியசாலைக்கே நேராகப் போங்கள். சிறிய வைத்தியசாலைக்குப் போய் அங்கிருந்து மாற்றினால் நேரம் போய்விடும். வலிப்போ பெரும் இரத்தப்போக்கோ என்றால் இது மாறும். மிக அருகில் டாக்டர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் முதலில் சிகிச்சை ஆரம்பிக்கவேண்டும்; அங்கிருந்து அம்புலன்ஸில் அனுப்புவார்கள்.

கடைசி மாதவிடாய்த் திகதியோடு ஒன்பது மாதம் ஏழு நாள் கூட்டினால் பிரசவத் திகதி. அது மேற்குச் சரிவுகளில் ஆனி, ஆடி மழையிலோ, பதுளைப் பக்கத்தில் கார்த்திகை, மார்கழி மழையிலோ விழுந்தால் மண்சரிவில் பாதை அடைபடலாம். முன்கூட்டியே வார்ட்டில் சேர்க்க முடியுமா என்று வி.ஓ.ஜி.யிடம் கேளுங்கள். முன்பு சிசேரியன் செய்தவர், இரட்டைக் குழந்தை, நஞ்சுக்கொடி கீழே இருப்பவர் என்றால், வெயில் காலமானாலும் கேளுங்கள். சேரும் திகதியை அட்டையில் எழுதி வாங்குங்கள்.

8. தாய்வீட்டுக்குப் போவதென்றால்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தில் ஒரு குழி இருக்கிறது. இங்கே பார்த்த டாக்டருக்கும் அங்கே பார்க்கப்போகும் டாக்டருக்கும் நடுவில் மூன்று நான்கு வாரம் யாரும் பார்க்காமல் போகும். பிரஷர் ஏறுவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். புறப்படுமுன் உங்கள் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள், அந்த ஊரில் சேர்ந்த வாரமே அங்குள்ளவரிடம் பதியுங்கள். சடங்குக்கு நல்ல நாள் பார்க்கும்போதே அங்குள்ள நிபுணர் கிளினிக் நாளையும் பாருங்கள். 32 வாரத்துக்கு முன் போய்ச் சேர்வது நல்லது. அட்டை கைப்பையில் இருக்கட்டும், சூட்கேஸில் வேண்டாம்.

9. கிடைக்க வேண்டியவை

திரிபோஷ என்ற சத்துமா, கர்ப்பிணிகளுக்கான போஷாக்கு உணவுக் கூப்பன் இரண்டும் மருத்துவமாது பதிவோடு வருபவை; பிந்திப் பதிந்தால் அந்த மாதங்கள் போய்விடும். திரிபோஷ வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்காகிவிடுகிறது. தாயின் பங்கைத் தாய் சாப்பிடட்டும்.

பிரசவ விடுமுறை 84 நாள். 2018 சட்டத் திருத்தத்தின் பின் எத்தனையாவது குழந்தை என்று பார்ப்பதில்லை. கர்ப்பம் என்பதற்காக வேலையிலிருந்து நிறுத்த முடியாது. அறிவித்தலை எழுத்தில் கொடுங்கள்; வாய்ச்சொல்லாகச் சொன்னது செக்ரோலில் (தோட்டத்தின் வேலைநாள், சம்பளப் பதிவேட்டில்) ஏறாது.

10. பிரசவத்தின் பின்

வைத்தியசாலையை விட்டு வருமுன் மூன்று கேள்விகள். நெகட்டிவ் இரத்த வகையானால், குழந்தை பொசிட்டிவ்வா, 72 மணித்தியாலத்துக்குள் அன்டி-டி ஊசி போட்டார்களா? பிரஷர் இருந்தவர்களுக்கு, மாத்திரை எதுவரை, அடுத்து எப்போது அளப்பது? சீனி இருந்தவர்களுக்கு, ஆறு வாரத்தில் மறுபரிசோதனை எங்கே?

பிரஷரும் வலிப்பும் பிரசவத்தின் பின்னும் வரும். முதல் பத்து நாட்களில் தலைவலி, காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, கெண்டைக்காலில் ஒருபக்க வீக்கம், துணி நனைந்து வழியும் இரத்தம் எதைக் கண்டாலும் திரும்பிப் போங்கள். தீட்டு என்று தாயை இருட்டறையில் வைத்து யாரும் பார்க்காமல் விட்டால் இவை எதுவும் கண்ணில் படாது. மருத்துவமாது வீட்டுக்கு வருவார். வராவிட்டால் தகவல் அனுப்புங்கள்.

பிறப்பை மூன்று மாதத்துக்குள் பதியுங்கள். அடையாள அட்டையில் ஒன்று, விவாகச் சான்றிதழில் ஒன்று என்று பெயரின் எழுத்துகள் மாறியிருந்தால் பதிவாளரிடம் அப்போதே காட்டிச் சரிசெய்யுங்கள். பிள்ளை பாடசாலைக்குப் போகும்போது திருத்துவது பெரும் அலைச்சல்.

நோய் நிர்ணய அட்டையை மழை படாத உறையில் வையுங்கள். எதற்காகச் சிசேரியன் செய்தார்கள், எவ்வளவு இரத்தம் போனது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். சிசேரியனுக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு ஒன்றரை, இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும். அதற்கான முறையை மருத்துவமாதுவிடம் கேளுங்கள். அடுத்த பிள்ளைக்கு யோசிக்கும்போது, கர்ப்பம் தரிக்க மூன்று மாதத்துக்கு முன்பே அந்த அட்டையோடு போய் டாக்டரைப் பார்த்து, போலிக் அமில மாத்திரையைத் தொடங்குங்கள்.